பைபர் படகில் வயர்லெஸ்: சேனல் 16-இல் என்ன வரும், எதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்?

கீச்சாங்குப்பம்_பைபர்

வணக்கம். அப்பா, சித்தப்பா, நான், கூட ஒரு ஆள் என்று நான்கு பேர் பைபரில் போகிறோம். சாயங்காலம் வலை விட்டுவிட்டு விடியும்வரை மிதந்து கிடக்கிற தொழில். சங்கம் மூலமாக இப்போதுதான் கையடக்க வி.எச்.எஃப் செட் ஒன்று வந்திருக்கிறது, 5 வாட். எந்தப் பொத்தானை அழுத்திப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். கேட்பதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது அதுதான்.

ராத்திரியில் எங்களுக்குக் கவலை மூன்று. வலைமேல் கப்பல் ஏறுவது, காற்று திடீரென்று மாறுவது, பக்கத்தில் கிடக்கிற படகுக்கு ஏதாவது ஆகி நமக்குத் தெரியாமலே போவது. மூன்றுக்கும் இந்தச் செட் உதவும் என்று நினைக்கிறேன், ஆனால் வாயால் இல்லை, காதால்.

அழைப்புக்கும் அபாயத்துக்கும் எல்லோருக்கும் பொதுவான சேனல் 16-இல் செட்டை வைத்திருக்கிறேன். முக்கால்வாசி நேரம் சத்தமே கிடையாது. திடீரென்று ஒருவர் ஆங்கிலத்தில் காரைக்கால் போர்ட் கண்ட்ரோலைக் கூப்பிடுகிறார். ஒரு பக்கம் பேசுவது நன்றாகக் கேட்கிறது, பதில் சொல்கிறவர் குரல் வருவதே இல்லை. சில விடியலில் எங்கேயோ இருக்கிற குரல் பக்கத்துப் படகு மாதிரித் தெளிவாக விழுகிறது. இன்னும் சில ராத்திரி நம் விசைப்படகுக்காரர்கள் 16-லேயே மீன் விலை பேசி முடிக்கிறார்கள். இதெல்லாம் ஏன், ராத்திரி முழுக்க செட்டை ஆன் பண்ணி வைக்கலாமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


திருவாரூர்_மாடி

கடலுக்கே போகாத ஆள் நான். திருவாரூரில் மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்துக் கப்பல் வயர்லெஸ் கேட்பவன். டெல்டா மேடு பள்ளம் இல்லாத பூமி என்பதால் கடற்கரையிலிருந்து இவ்வளவு தள்ளி இருந்தும் கேட்க முடிகிறது.

ஒரு பக்கம் மட்டும் கேட்பதற்குக் காரணம் உயரம். சேனல் 16 என்பது 156.800 மெகாஹெர்ட்ஸ். இந்த அலை பெரும்பாலும் நேர்கோட்டில்தான் போகும், கடலின் வளைவுக்குக் கீழே இருப்பவருக்குப் போய்ச் சேராது. கணக்கு சுலபம்: இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியாக வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். நீங்கள் செட்டைக் கையில் பிடித்திருக்கும்போது தண்ணீரிலிருந்து 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே உயரத்தில் இன்னொரு பைபர் என்றால் இருவருக்கும் நடுவே சுமார் 11 அல்லது 12 கிலோமீட்டர். எதிரே கப்பல், ஆன்டெனா 30 மீட்டரில் என்றால் 28 கிலோமீட்டர்வரை கேட்கும். கப்பல் அந்த வட்டத்துக்குள் இருக்கிறது, துறைமுகம் வெளியே இருக்கிறது. அதனால் பாதிப் பேச்சுதான் உங்களுக்கு.

எல்லோரும் வாட் எத்தனை என்றுதான் கேட்கிறார்கள். வாட் என்பது நீங்கள் பேசும்போதுதான். கேட்பதற்கு அதில் ஒரு பயனும் கிடையாது. கேட்பதற்குத் தேவை ஆன்டெனாவும் உயரமும். செட்டைப் படகின் அடியில், வலைக்குப் பக்கத்தில் படுக்க வைத்தால் இரட்டை நஷ்டம்: உயரம் போச்சு, ஆன்டெனாவும் கிடந்துபோச்சு. கடல் வி.எச்.எஃப் எல்லாமே செங்குத்து அலை. கேட்கிற ஆன்டெனாவும் நின்றால்தான் முழுசாக வாங்கும். ஒரு கம்பில் கட்டி நிமிர்த்தி வையுங்கள், அன்று ராத்திரியே வித்தியாசம் தெரியும்.

விடியலில் தூரத்துக் குரல் வருவது வேறு சங்கதி. காற்று அடங்கிய நேரத்தில் கடலை ஒட்டி ஈரமான குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே வெப்பமான உலர்ந்த காற்றும் அடுக்காக நின்றால், அலை மேலே தப்பிப் போகாமல் அந்த அடுக்குக்கு அடியிலேயே வளைந்து வளைந்து ஓடும். பங்குனி சித்திரையில் இலங்கைப் பக்கத்து எஃப்.எம் நிலையங்கள் நாகப்பட்டினம் கடற்கரையில் தெளிவாகக் கேட்பதும் இதே காரணத்தால்தான். அந்த நேரத்தில் கேட்கும் குரலை வைத்து 'கப்பல் பக்கத்தில் இருக்கிறது' என்று முடிவு செய்யாதீர்கள், பேசுகிறவர் சொல்லும் இடத்தைக் கேளுங்கள்.

இன்னொன்று, ஸ்குவெல்ச், அதாவது இரைச்சலை அடைக்கிற திருகு. சத்தமே இல்லை என்கிறீர்கள். ஸ்குவெல்ச்சை அளவுக்கு மேலே ஏற்றி வைத்திருந்தால் இரைச்சலோடு சேர்த்து மெலிந்த குரலையும் அது அடைத்துவிடும். முழுசாகத் திறந்து இரைச்சலைக் கேளுங்கள், பிறகு மெல்ல மெல்ல ஏற்றி, இரைச்சல் நின்ற அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அதற்கு மேல் ஒரு படிகூட வேண்டாம். முங்கிக்கொண்டிருக்கிற படகிலிருந்து வருகிற குரல் மெலிந்துதான் வரும்.


அக்கரைப்பேட்டை_விசை

16-இல் விலை பேசுவது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். கடலில் நாள் கணக்கில் கிடக்கிறோம். கரை தாண்டிச் சில மைலிலேயே டவர் போய்விடும். மீன் எந்தப் பாகத்தில் கிடைத்தது, எந்தத் துறையில் விலை கூட, யார் வீட்டில் என்ன விசேஷம் எல்லாம் இந்தச் செட்டில்தான். சொந்தக்காரன் குரல் கேட்டால்தான் படகை ஓட்டுகிற ஸ்ராங்குக்கே தூக்கம் கலையும்.

அதுவும் இல்லாமல் நாங்கள் பேசுவதையே ஒருவன் கவனித்துக் கேட்டால் அவனுக்கு நிறையத் தெரியும். மீன் பட்ட இடத்தை யாரும் நேராகச் சொல்ல மாட்டோம், அது தொழில். ஆனால் 'மடி (இழுவலை) கனக்கிறது, தண்ணீர் இழுக்கிறது, தெற்கே மின்னுகிறது' என்பதை எல்லாம் மறைக்க மாட்டோம். பைபர்காரர்களுக்கு அதுதான் வானிலை அறிக்கை. நாங்கள் இருபது மைல் வெளியே இருக்கும்போது எங்களை அடிக்கிற கொண்டல், கரைப் பக்கம் இருக்கிற உங்களுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் வரும். அந்த இடைவெளியில் வலையை வாங்கிவிடலாம்.

தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில்: எங்கள் சேனலையும் கேள், 16-ஐயும் கேள். செட்டில் டூயல் வாட்ச் இருக்கிறதா பார். இரண்டு சேனலையும் மாற்றி மாற்றி அதுவே பார்த்துக்கொள்ளும், 16-இல் குரல் வந்தால் அங்கே தாவிவிடும்.


நாகூர்_செகண்ட்மேட்

நாகூர்க்காரன், சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. ராத்திரி 12 முதல் 4 வரை கப்பலைச் செலுத்துகிற பிரிட்ஜில் என் வாட்ச், காவல் முறை. நீங்கள் வலை விட்டுக் கிடக்கிற அதே நேரம். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

பைபர் படகு ராடாரில் சரியாகத் தெரியாது. பிளாஸ்டிக்கும் ரெசினும் ராடார் அலையைத் திருப்பி அனுப்பாது. எஞ்சின் ஒன்றுதான் இரும்பு, அதுவும் தண்ணீருக்கு ஒட்டி இருக்கிறது. கொஞ்சம் அலை எழும்பினால் அலையின் புள்ளிகளுக்கு நடுவே உங்கள் புள்ளி காணாமல் போகும். நிலக்கரி ஏற்றி வருகிற கப்பல் எஞ்சினை நிறுத்தினாலும் கிலோமீட்டர் கணக்கில் ஓடித்தான் நிற்கும். ஆகவே கப்பல் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கக் கூடாது. கப்பல் என்ன செய்யப் போகிறது என்று நீங்கள் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், அதற்குத்தான் 16.

பெரிய கப்பல்கள் பாக் நீரிணை வழியாகப் போவதில்லை, ஆழம் போதாது. இலங்கையைச் சுற்றித்தான் போகும். உங்கள் பக்கம் வருவது பெரும்பாலும் காரைக்கால் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்தான். அது என்ன பேசும் என்பது கிட்டத்தட்ட மாறவே மாறாது. முதலில் துறைமுகத்தின் பெயர், பிறகு தன் பெயர். 16-இல் கூப்பிட்டதும் வேறு ஒரு சேனல் எண்ணைச் சொல்லி அங்கே போய்விடுவார்கள். நீங்களும் அந்த எண்ணைக் காதில் வாங்கி அங்கே மாறுங்கள். அங்கே வருவது: எத்தனை மணிக்கு வந்து சேரும், கப்பல் எத்தனை மீட்டர் முங்கியிருக்கிறது, நங்கூரம் எங்கே போடுவது, பைலட் (கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டுபோகிற வழிகாட்டி) எத்தனை மணிக்கு ஏறுவார், ஏணி எந்தப் பக்கம். 'பைலட் ஆன் போர்ட்' என்று கேட்டால் கப்பல் இனிமேல் துறைமுக வாய்க்காலை நோக்கி வரும் என்று அர்த்தம். 'ஹீவிங் அப் ஆங்க்கர்' என்றால் நங்கூரத்தைத் தூக்குகிறார்கள், சும்மா நின்ற கப்பல் நகரப் போகிறது. இந்த இரண்டு சொற்றொடரும் மணியும் பிடிபட்டாலே போதும், வலை எங்கே விடுவது என்று முடிவு செய்ய.

மூன்று சொற்களைப் படகில் இருக்கிற எல்லோரும், சமைக்கிற பையன் உட்பட, அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். 'மேடே' மூன்று தடவை: உயிருக்கு ஆபத்து. 'பான் பான்' மூன்று தடவை: அவசரம், ஆனால் உடனே முங்கும் நிலை இல்லை. எஞ்சின் செத்து அடித்துக்கொண்டு போகிற படகு இப்படிச் சொல்லும். 'செக்யூரிட்டே' மூன்று தடவை: எச்சரிக்கை. புயல், மிதக்கிற கட்டை, அணைந்த விளக்கு.

மேடே கேட்டால் உடனே பொத்தானை அழுத்திப் பேசத் தோன்றும். பேசாதீர்கள். முதலில் இடத்தை எழுதுங்கள். பேனா இல்லை என்றால் ஜி.பி.எஸ்-இல் அந்த அட்சரேகை தீர்க்கரேகையைக் குத்தி வையுங்கள். கடலோரக் காவல் படையோ பெரிய கப்பலோ பதில் சொல்கிறதா என்று காத்திருங்கள். யாருமே பதில் சொல்லவில்லை என்றால்தான் 'மேடே ரிலே' என்று மூன்று தடவை சொல்லி, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். உங்கள் 2 மீட்டர் உயரத்துக்கு எட்டிய குரல் கரைக்கு எட்டாமல் போயிருக்கலாம். அந்த நேரத்தில் அந்த ஆளுக்கும் கரைக்கும் நடுவில் இருப்பது நீங்கள் மட்டும்தான்.

முன்பு 2182 கிலோஹெர்ட்ஸில் பேச்சு அபாய அழைப்பு இருந்த காலத்தில், ஒவ்வொரு மணியும் அரைமணியும் தொடங்கியதும் முதல் மூன்று நிமிடம் யாரும் பேசக் கூடாது என்று சட்டம். ரேடியோ அறைக் கடிகாரத்திலேயே அந்த மூன்று நிமிடத்தை வண்ணம் பூசிக் காட்டியிருப்பார்கள். உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் எல்லாக் கப்பலும் வாயை மூடிக்கொண்டு கேட்கும், மெலிந்த குரல் ஏதாவது இருக்கிறதா என்று. 1999-இல் புதிய அபாயத் தொடர்பு முறை முழுமையாக வந்த பிறகு அந்த வழக்கம் போய்விட்டது. கருவி கேட்டுக்கொள்ளும், மனிதன் கேட்க வேண்டாம் என்று ஆகிவிட்டது. சேனல் 70-இல் டிஜிட்டலாக வரும் அபாய அழைப்பைக் கப்பலின் செட் தானாகவே பிடித்து மணி அடிக்கும். ஆனால் உங்கள் படகில் இருக்கிற பெரும்பாலான செட்டில் அந்த வசதி இல்லை. அதனால் உங்களுக்குள் அந்தப் பழைய மூன்று நிமிடம் இன்றும் பொருந்தும் என்பது என் எண்ணம். விசைப்படகு அண்ணன் என்ன சொல்கிறார்?


வேதை_அலைபேசி

எல்லோரும் பழைய கருவியைப் பிடித்துத் தொங்குகிறோம் என்று தோன்றுகிறது. 2017-இல் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரிக்காரர்களுக்குச் செய்தி எட்டவில்லை, வி.எச்.எஃப் அங்கே என்ன செய்தது? அதற்குப் பிறகுதான் 2019-இல் ஜெமினி கருவி வந்தது. ககன் செயற்கைக்கோள் வழியாக ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அனுப்புகிற புயல் எச்சரிக்கையும் மீன் கிடைக்கும் இடமும், டவர் இல்லாத இடத்திலும் ப்ளூடூத் மூலமாகப் போனில் தமிழில் வரும். அபாயத்துக்கு இஸ்ரோவின் டாட் கருவி இருக்கிறது. 2024-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் பொத்தானை அழுத்தினால் 'உங்கள் செய்தி கிடைத்தது' என்று பதிலும் வரும். ராத்திரி முழுக்க இரைச்சல் கேட்டுக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பது? வலை இழுத்துக் களைத்தவனை இன்னும் ஒரு வேலை செய்யச் சொல்கிறீர்கள்.


நாகூர்_செகண்ட்மேட்

தம்பி, நீங்கள் சொன்ன கருவி எதையும் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். டாட் கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் அதை அழுத்தினால் செய்தி எங்கே போகிறது பாருங்கள். செயற்கைக்கோளுக்கு, அங்கிருந்து பெங்களூரில் இருக்கிற கட்டுப்பாட்டு மையத்துக்கு, அங்கிருந்து கடலோரக் காவல் படைக்கு. நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டு மைல் தள்ளி மிதக்கிற கீச்சாங்குப்பத்துப் படகுக்கு அது தெரியாது. தண்ணீருக்குள் விழுந்தவனை முதலில் போய்த் தூக்குவது அந்தப் படகுதான். வி.எச்.எஃப் ஒன்றுதான் சுற்றி இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கிறது.

ஒக்கி விஷயத்திலும் அதேதான். அவர்கள் இருந்த தூரத்துக்குக் கரையிலிருந்து வி.எச்.எஃப் எட்டாது என்பது உண்மை, அதற்குச் செயற்கைக்கோள்தான் வழி. நாகப்பட்டினம் பைபர் போகிற தூரம் அது இல்லை. புயல் வருவதற்கு முன்னால் காவல் படையின் கப்பலும் டோர்னியர் விமானமும் கடலுக்கு வந்து 16-இல் உள்ளூர் மொழியிலேயே 'கரைக்குத் திரும்புங்கள்' என்று சொல்லும். விமானம் மேலே இருக்கும்போது உயரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், வட்டம் எவ்வளவு பெரிது என்று. அந்த நேரத்தில் செட் அணைந்து கிடந்தால்?


ஆறுகாட்டுத்துறை_ஏலக்கூடம்

நான் கரைக்காரி. வீட்டுக்காரரும் மகனும் கடலுக்குப் போகிறவர்கள், நான் மீன் எடுத்து விற்கிறவள். எங்கள் சங்கத்துக்கு உரிமம் வாங்கிய செட் ஒன்று ஏலக்கூடத்தில் இருக்கிறது. ராத்திரியில் முறைபோட்டு ஒருவர் அதன் பக்கத்தில் இருப்போம். இங்கே எல்லோரும் படகில் கேட்பதைப் பற்றியே பேசுகிறீர்கள், கரையில் கேட்கிறவர் இல்லாவிட்டால் அங்கே பேசி என்ன பயன் என்பதை யாரும் எழுதவில்லை.

பழகினால் காதுக்கு நிறையத் தெரியும். மைக்கை அழுத்தியதும் குரலுக்கு முன்னால் எஞ்சின் சத்தம் வரும். அதிலேயே எந்தப் படகு என்று எனக்குத் தெரிந்துவிடும். எஞ்சின் சத்தமே இல்லாமல் வெறும் காற்று இரைந்தால் படகு நிற்கிறது என்று அர்த்தம், வலை போட்டிருக்கிற நேரம் இல்லை என்றால் உடனே கேட்டுவிடுவேன். காற்று மைக்கில் அடிக்கிற தினுசிலேயே வாடை ஏறுகிறதா என்று சொல்லலாம். போன வாடைக் காலத்தில் ஒரு நாள் மகன் 'எல்லாம் சரியா இருக்கும்மா' என்று சொன்னான். குரல் சரியாகத்தான் இருந்தது, பின்னால் தண்ணீர் இறைக்கிற தகர டப்பாவின் சத்தம் கேட்டது. விடாமல் இறைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் போகிற படகை நான்தான் அனுப்பினேன். பலகைக்குக் கீழே விரிசல்.

பேசுகிறவர்கள் கொஞ்சம் ஒத்துழைத்தால் எங்களுக்கு எவ்வளவோ நன்றாகக் கேட்கும். பொத்தானை அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேசுங்கள், இல்லாவிட்டால் முதல் சொல் விழாது. எங்களுக்கு விழாமல் போவது பெரும்பாலும் படகின் பெயர்தான். காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேசுங்கள். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கன்னத்துப் பக்கமாக வையுங்கள். இடம் சொல்லும்போது எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், 'பத்து, இருபத்தொண்ணு' என்று சேர்த்துச் சொன்னால் இரைச்சலில் எதுவும் பிடிபடாது.

போன் போதும் என்கிற தம்பிக்கு: 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் தலைமேல்தான் கரை கடந்தது. மின்கம்பமும் டவரும் சேர்ந்து சாய்ந்தது. வேதாரண்யத்துக்காரர் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டுக்கு ஒன்றிலிருந்து பதினொன்றுவரை எண் இருக்கிறது. பத்துதான் பெரிய ஆபத்து என்று எல்லோரும் நினைக்கிறோம். பதினொன்று என்ன தெரியுமா? வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அற்றுப்போய்விட்டது என்பதற்கு. அதைத்தான் கடைசியில் வைத்திருக்கிறார்கள்.

கேட்டதை ஊருக்குச் சொல்வதிலும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-இல் புதுச்சேரிப் பக்கம் நல்லவாட்டில் சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போன் பண்ணிச் சொன்னதை, மீன் நிலவரம் சொல்ல வைத்திருந்த ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள், ஊர் தப்பியது. எங்கள் செட்டுக்குப் பக்கத்திலும் கோயில் மைக் இருக்கிறது.


அக்கரைப்பேட்டை_விசை

அக்கா சொன்ன தகர டப்பா விஷயத்தைப் படித்துவிட்டு எங்கள் துறையில் நாலு பேரிடம் பேசினேன். மூன்று நிமிடம் வாயை மூடுவது பற்றி. உடனே யாரும் சரி என்று சொல்லவில்லை. மடி வாங்குகிற நேரத்தில் இரண்டு படகு பேசிக்கொண்டே ஆக வேண்டியிருக்கும், மணி பார்த்து நிறுத்த முடியாது என்கிறார்கள். அது நியாயம்.

ஆனால் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார்கள். 16-இல் கூப்பிடுவது மட்டும், பேச்சு வேறு சேனலில். ராத்திரி பத்துக்கு மேல் கதை பேசுகிறவன் மணி, அரைமணியில் மட்டும் நிறுத்துவது. மடி வாங்குகிறவனுக்கு விலக்கு. எழுதி ஒட்டுவதற்குச் சங்கத்தில் கேட்டிருக்கிறோம். இன்னொரு பிரச்சினை: சில பேர் சந்தையில் கிடைக்கிற உரிமம் இல்லாத மலிவு வாக்கி டாக்கி வாங்கி வருகிறார்கள். அதில் பொத்தான் ஏதாவது அமுங்கி மைக் திறந்தே கிடந்தால், அந்தச் சேனலில் வேறு யாருமே பேச முடியாது. எஃப்.எம் என்பதால் பலமான குரல் மெலிந்ததை அப்படியே மூடிவிடுகிறது.


திருவாரூர்_மாடி

மைக் திறந்து கிடப்பதை நானும் மாடியிலிருந்து கேட்டிருக்கிறேன். எஞ்சின் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கும், அந்தப் படகுக்காரருக்குத் தெரியவே தெரியாது. செட் வழக்கத்துக்கு மாறாகச் சூடாக இருந்தாலோ, வெகு நேரமாக ஒரு குரலும் வராமல் இருந்தாலோ உடனே பொத்தானைப் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பில் செருகி வைக்கிற பழக்கத்தில்தான் இது நடக்கிறது.

இதோடு ஒரு வேண்டுகோள். கடலில் கேட்டதைப் பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். அபாயக் குரலையும் போடுகிறார்கள், அந்த ஆளின் வீட்டுக்கு அதுதான் முதல் செய்தியாகப் போகிறது. பன்னாட்டு ரேடியோ விதிகளிலேயே இன்னொருவருக்கான பேச்சை வெளியிடக் கூடாது என்று இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் செய்யக் கூடாத காரியம். கேட்டால் காவல் படைக்குச் சொல்லுங்கள், 1554. கரையிலிருந்து கடலோரப் போலீசுக்கு 1093.


கீச்சாங்குப்பம்_பைபர்

எல்லோருக்கும் நன்றி. செட்டை நிமிர்த்திக் கம்பில் கட்டிப் பார்த்தோம், ஸ்குவெல்ச்சையும் இறக்கி வைத்தோம். காரைக்கால் கப்பலும் துறைமுகமும் இப்போது இரண்டு பக்கமும் கேட்கிறது. அப்பா மணியைக் கரித்துண்டால் பலகையில் எழுதிவைக்கிறார். பைலட் ஏறுகிற மணிக்கு முன்னால் வலையைத் தெற்கே தள்ளி விட்டோம்.

கையடக்க செட்டைக் கம்பில் கட்டினால் பொத்தானைத் தொட முடிவதில்லை. வெளி ஆன்டெனா போட்டு ஒயர் இழுக்கலாமா? மூங்கில் இருக்கிறது. ராத்திரி முழுக்க ஆன் பண்ணி வைக்க பேட்டரி தாங்குமா என்பதும் பாக்கி.


திருவாரூர்_மாடி

தாராளமாக. செட்டில் ஆன்டெனா கழற்றக்கூடியதா என்று முதலில் பாருங்கள். கடைக்கு வாங்கப் போனால் கடல் வி.எச்.எஃப் ஆன்டெனா என்றே கேளுங்கள். நீங்களே செய்வதென்றால், 156.8-க்கு அலைநீளம் சுமார் 1.91 மீட்டர், அதில் கால் பங்கு 48 சென்டிமீட்டர், கம்பியில் கொஞ்சம் குறையும் என்பதால் 45-46 சென்டிமீட்டரில் நிற்கிற ஒரு கம்பி, அடியில் அதே நீளத்தில் கீழ்நோக்கிச் சாய்ந்த நான்கு கம்பி. நிற்கிற கம்பி ஒயரின் நடு இழைக்கு, நான்கும் வெளி வலைக்கு. பேசவும் அதையே பயன்படுத்துவதாக இருந்தால் ஆன்டெனாப் பொருத்தம் பார்க்கிற மீட்டர் வைத்திருக்கிறவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், பொருந்தாத ஆன்டெனாவில் அழுத்தினால் செட் கெடும்.

மூங்கிலில் 5 மீட்டர் ஏற்றினால், 2 மீட்டரில் இருக்கும் இன்னொரு பைபரோடு 15 கிலோமீட்டர் கிடைக்கும். இருவரும் ஏற்றினால் 18. மூங்கில் மின்சாரம் கடத்தாது, ஆன்டெனாவுக்குத் தொந்தரவில்லை. ஆனால் இடி இறங்குகிற ராத்திரியில் இறக்கிப் படுக்க வைத்துவிடுங்கள், அந்த நேரத்தில் கையடக்கத்தின் சொந்த ஆன்டெனா போதும்.

ஒயர் சேர்கிற இடத்தில்தான் எல்லாம் கெடும். உப்புத் தண்ணீர் ஒயரின் செம்பு வலைக்குள் ஏறிவிட்டால் பச்சை பூத்து, வெளியே பார்க்க நன்றாக இருந்தும் உள்ளே ஒன்றும் வராது. சேர்ப்பின்மேல் தானாக ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் சாதா டேப் சுற்றுங்கள். கீழிருந்து மேலாகச் சுற்றினால் மழைத் தண்ணீர் மடிப்புக்குள் போகாது.

பேட்டரி: கேட்பதற்கு ஆகிற செலவு மிகவும் குறைவு, தின்பது பேசுவதுதான். பக்கத்துப் படகோடு பேச 1 வாட்டில் வையுங்கள், 5 வாட்டைத் தேவைக்கு வையுங்கள். அப்படி இருந்தால் நல்ல நிலையில் உள்ள பேட்டரி ராத்திரியைத் தாண்டும். இருந்தாலும் மாற்று பேட்டரி ஒன்றைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள்.


ஆறுகாட்டுத்துறை_ஏலக்கூடம்

தம்பி, உங்கள் பக்கத்திலும் கரையில் கேட்கிற ஆள் இருக்கிறாரா என்று சங்கத்தில் கேளுங்கள். இல்லை என்றால் வீட்டில் இருக்கிற அம்மா, அக்கா, தங்கை யாருக்காவது சொல்லிக்கொடுங்கள். எங்கள் ஊரில் கேட்பதற்கு உட்காருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். படகுகளின் பெயரும் ஆட்களின் குரலும் எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.


நாகூர்_செகண்ட்மேட்

கடைசியாக சேனல் பற்றி, இரண்டு துறையும் கலந்து பேசுகிறீர்கள் என்பதால். 16-ஐ அழைப்புக்கும் அபாயத்துக்கும் விடுங்கள். 70-இல் வாய் திறக்கவே கூடாது, அது டிஜிட்டலுக்கு மட்டும். 13 கப்பலுக்குக் கப்பல் வழி கேட்பது. 6-ஐயும் தவிருங்கள், தேடுதல் நடக்கும்போது விமானமும் கப்பலும் பேசிக்கொள்ள அது வேண்டும். படகுக்குப் படகு பேச 72, 77 இரண்டும் பொருத்தமானவை. உங்கள் உரிமத்தில் எது அனுமதி என்று பார்த்து, அக்கரைப்பேட்டைக்காரர்கள் ஒன்று, பைபர்காரர்கள் ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். டூயல் வாட்ச்சில் அதோடு 16-ஐயும் வையுங்கள்.


அக்கரைப்பேட்டை_விசை

சரி, நாங்கள் 77 எடுத்துக்கொள்கிறோம், உரிமத்தில் பார்த்துவிட்டேன். கீச்சாங்குப்பம் தம்பி 72-இல் இருக்கட்டும். வெளியே காற்று எழும்பினால் 16-இல் கூப்பிட்டு உங்கள் சேனலுக்கு வந்து சொல்லிவிடுகிறோம். தடைக்காலம் முடிந்து ஜூன் 15-க்கு இறங்கும்போதே தொடங்கிவிடலாம்.